ஏழாம் கல்லில் எதிர்க்கையெழுத்து

இந்தச் சாலைக்கு இரண்டு பெயர். மில் நகரத்தில் கேட்டால் துறைமுக ரோடு என்பார்கள். துறைமுக நகரத்தில் கேட்டால் மில் ரோடு என்பார்கள். ஆக, எந்த ஊர்க்காரனுக்கும் இது தன் ஊர் ரோடு இல்லை, அடுத்த ஊருக்குப் போகிற ரோடு. குழி விழுந்தால் அடுத்தவனைத் திட்ட இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? நடுவே பதினான்கு மைல். அதில் மில் நகரத்துப் பாதியான ஏழு மைலை இருபத்தாறு வருஷம் சைக்கிள் மிதித்துக் காப்பாற்றிய மனிதரை எல்லாரும் மைல்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை வரவில்லை.

சாலை எப்படி வந்தது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. மைல்காரர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிடுவார். முதலில் இது சாலையே இல்லை என்று ஆரம்பிப்பார். மில் துணி மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோன மாட்டுவண்டிகள், சக்கரம் புதையாத இடமாகப் பார்த்துப் போயின. புதைகிற இடம் வந்தால் சுற்றிக்கொண்டன. அப்படிச் சுற்றியதுதான் நாலாம் கல் வளைவு. அந்தச் சதுப்பு வற்றி ஐம்பது வருஷம் ஆகிறது. அதன்மேல் ஆறு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பஸ் மட்டும் இன்றைக்கும் இல்லாத சேற்றைப் பயபக்தியோடு சுற்றிக்கொண்டுதான் போகிறது. துறைமுகப் பக்கத்தில் ஒரு வளைவு, சோப்புத் தொழிற்சாலை முதலாளி ஒரு சாண் நிலம் கூடத் தரமாட்டேன் என்று முரண்டு பிடித்ததால் வந்தது. முதலாளி போய்விட்டார், தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது, முரண்டு மட்டும் வளைவாக அப்படியே இருக்கிறது. மூன்றாவதாக ஒரு வளைவு உண்டு. அது ஏன் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. "அளந்தவனுக்கு அன்னிக்குத் தூக்கக் கலக்கம்" என்று சொல்லிவிட்டு, தானே முதலில் சிரிப்பார்.

அவரவர் ஊரிலிருந்து அவரவர் எண்ணிக்கொண்டு வந்து மைல் கல் நட்டார்கள். இங்கிருந்து ஒன்று, இரண்டு. அங்கிருந்தும் ஒன்று, இரண்டு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் நடுக்கல். அதற்கு இரண்டு முகம், இரண்டு முகத்திலும் ஏழு.

அந்தக் கல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவரவர் பாதியை அவரவர் ஊர் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் ஆன மறு வருஷமே கல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. உலகத்தில் எல்லாரும் எல்லைக் கல்லை அடுத்தவன் பக்கம் தள்ளுவார்கள். இங்கே தலைகீழ். தன் பக்கம் தள்ளினால்தானே தன் பங்கு வேலை குறையும்? மில் நகரத்து ஆட்கள் கல்லைத் தங்கள் பக்கம் நாற்பதடி இழுத்து நட்டார்கள். மழை முடிவதற்குள் துறைமுகத்து ஆட்கள் அதைப் பிடுங்கித் தங்கள் பக்கம் அறுபதடி கொண்டுபோனார்கள். மூன்று வருஷம் இந்தக் கூத்து நடந்தது. நடுவில் கிடந்த நூறடி யாருக்கும் சொந்தமில்லாமல் சல்லடையாகிவிட்டது.

கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் கல்லைச் சிமெண்டில் புதைத்து, கூடவே ஒரு விதியையும் போட்டார். இரண்டு ஊரின் சாலைக்காரரும் தினமும் பதினோரு மணிக்கு நடுக்கல்லுக்கு வர வேண்டும். இவர் நோட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் நோட்டில் இவர். தன் பாதியைப் பார்த்துக்கொண்டே வந்தான் என்பதற்கு எதிராளியே சாட்சி. அடுத்தவர் நோட்டில் கையெழுத்தைத் தவிர ஓர் எழுத்தும் எழுதக் கூடாது. அதற்குப் பெயர் எதிர்க்கையெழுத்து. விதி எழுதிய கோப்பை மைல்காரர் ஒரு தடவை அலுவலகத்துப் பழைய அலமாரியில் தேடி எடுத்துப் படித்திருக்கிறார். 'ஒருவரையொருவர் நம்பாது கண்காணிக்கும் பொருட்டு' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவரும் அவர்தான். ஏன் சிரித்தார் என்பதற்கு வருகிறேன்.

மைல்காரரின் ஒரு நாள் இப்படித்தான் போகும். காலை ஆறரைக்கு மண்வெட்டியை சைக்கிள் பாருக்குக் குறுக்கே கட்டுவார். கேரியரில் ஒரு வாளி தார்க்கலவை, ஒரு கத்தரி, ஒரு டார்ச். குழி சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிடுவார். வடிகால் வாயில் அடைத்துக்கொண்ட இலை தழையை வாரிப் போடுவார். கல்லை மறைக்கிற புல்லை வெட்டுவார். முக்கியமான வேலை சிறுபாலங்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் குறுக்கே போகிற சின்னப் பாலங்கள், பஸ்ஸில் போகிறவனுக்கு இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கீழே குனிந்து, டார்ச் அடித்து, மேல் பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எண் போட்டு எதிரே ஒரு சொல் எழுதுவார். சரி. அல்லது, சரியில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அத்தனை வண்டியும் ஓடின. "நான் சரின்னு எழுதினா அது சரி" என்று கொஞ்சம் தலைக்கனமாகவே சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும், அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத்துச் சாலைக்காரர் அவருக்கு நாலு வருஷம் இளையவர். வெயிலோ மழையோ தலையில் ஒரு பழுப்பு நிறத் தொப்பி. அதனால் தொப்பிக்காரர். முதல் நாளே, "அண்ணே, நம்ம ரெண்டு பேரையும் வேவு பாக்கச் சொல்லித்தான் சம்பளம் குடுக்கறாங்க. முதல்ல ஒரு டீ குடிச்சிட்டு வேவு பாப்போம்" என்றார். மைல்காரர் அங்கேயே கவிழ்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவர் குடையில் இருவரும் நனைந்தார்கள். ஒருவருக்கு ஜுரம் என்றால் இன்னொருவர் மருந்து வாங்கிப்போனார்.

மைல்காரர் மனைவிக்கு மட்டும் அந்தத் தொப்பியைக் கண்டால் ஆகாது. "வீட்டுக்குள்ள வந்தாலும் கழட்ட மாட்டேங்கறாரே, அதுக்குள்ள என்னதான் வெச்சிருக்காரு?" என்பார். "வழுக்கையா இருக்கும்" என்பார் மைல்காரர். "வழுக்கையா இருந்தா நான் ஏன் கவலைப்படறேன்" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விடுவார்.

ஒரே மகள். வருஷத்துக்கு ஒரு தடவை மைல் கற்களுக்கு வெள்ளை அடித்துக் கறுப்பில் எண் எழுதுவது மைல்காரர் வேலை. விடுமுறை நாளாகப் பார்த்து, மகளை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போவார். அவள் எழுத்துப் படித்ததே அந்தக் கற்களில்தான். தூரிகையைக் கையில் கொடுத்து, எழுத்து முடியும் இடத்தில் பெயிண்ட் வழியாமலிருக்க, நுனியை இடப்பக்கம் ஒரு சுண்டு சுண்டித் தூக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சுண்டல் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பேனா பிடித்த பிறகும் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் இடப்பக்கம் ஒரு சின்ன வால் போட்டாள். வாத்தியார் அடித்துப் பார்த்தார், போகவில்லை. மைல்காரர் கையெழுத்திலும் அதே வால்தான். "அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு" என்று தபால்காரர் கூடக் கேலி செய்வார்.

அவளுக்கு இருபத்தொரு வயதானபோது தொப்பிக்காரர் நடுக்கல்லில் டீக் குவளையை வைத்துவிட்டு, "என் பையனுக்கு உங்க பொண்ணைக் குடுங்க" என்றார். சுற்றி வளைக்கவே இல்லை. "நம்மளை அடிச்சுக்க வெக்கணும்னு சட்டம் போட்டாங்க. நாம சம்பந்தம் பண்ணிக்கிட்டோமே, சம்பந்தி!" என்று மைல்காரர் கல்லைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கோப்பைப் படித்துவிட்டுச் சிரித்ததும் இதற்காகத்தான். கல்யாணம் ஆகி மகள் துறைமுக நகரத்துக்குப் போனாள். பதினான்கு மைல் தள்ளி இருக்கிறாளே என்று மனைவி கண்ணைத் துடைத்தபோது, "ஏழு மைல்தான். மீதி ஏழு நம்ம ரோடு" என்றார்.

ஆறு வருஷம் நல்லபடியாகத்தான் போயிற்று.

ஏழாம் வருஷ மழைக்காலத்தில் தொப்பிக்காரருக்கு முழங்கால் வலி வந்தது. சைக்கிள் மிதிக்க முடியவில்லை, படி ஏற முடியவில்லை என்று மகள் வந்து சொன்னாள். லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் இடம் போனது போனதுதான். "கொஞ்ச நாளைக்கு மாமா நோட்டை நான் கொண்டாறேன்பா. நீங்க எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள்.

விதி தெரியாத மனிதரா அவர்? அந்த விதியின் வரலாற்றையே ஊருக்குச் சொன்னவர். ஆனாலும் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. காரணத்தை மனைவியிடம் அன்றைக்கே ஒத்துக்கொண்டார். சம்பந்திக்கு உதவி என்பது ஒரு பங்கு, தினமும் பதினோரு மணிக்கு மகள் முகத்தைப் பார்க்கலாம் என்பது மூன்று பங்கு. அதுமுதல் ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து அவள் இறங்குவதைப் பார்க்க, பத்து நிமிஷம் முன்னதாகவே போய்க் கல்லில் உட்கார்ந்துவிடுவார். சட்டைக்குக் கூட இஸ்திரி போட ஆரம்பித்தார். தொப்பிக்காரர் பாதியில் நடுக்கல்லை ஒட்டிய மூன்று மைலையும் இவரே போய்ப் பார்த்தார். ஊரை ஒட்டிய மீதியைத் தொப்பிக்காரர் நொண்டிக்கொண்டே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மறுநாள் மகள் கொண்டுவருகிற நோட்டில், பார்த்ததை எழுதி, கீழே எதிர்க்கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். ஐம்பத்தாறு வயதில் பத்து மைல் போக, பத்து மைல் வர. ஒரு நாள் கூட முகம் சுளிக்கவில்லை.

அந்த மூன்று மைலுக்குள், சோப்புத் தொழிற்சாலை வளைவில் ஒரு சிறுபாலம். இரண்டு வருஷத்துக்கு முன்தான் புதிதாகக் கட்டியது. ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது மேல் பலகையில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மறுநாள் அது கை நீளம். நோட்டை வாங்கி 'சரியில்லை' என்று எழுதப்போன கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கப்பா. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாம்."

"இதுல கேக்க என்ன இருக்கு கண்ணு? பாலம் வெடிச்சிருக்கு."

"அவர் நோட்டுதானேப்பா. ஒரு நாள் பொறுங்க."

அந்த வரியை வெறுமையாக விட்டார். மறுநாள் அவள் பதிலோடு வந்தாள். "மாமா அதிகாரிகிட்ட நேர்லயே சொல்லிட்டாராம். நோட்டுல எழுதினா, முழங்கால் வலியோட நீ எப்படிக் குனிஞ்சு பாத்தேன்னு நோண்டுவாங்களாம். சரின்னே எழுதச் சொன்னாரு. ஆள் வந்து பாத்துக்குமாம்."

மைல்காரர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அவள் இரண்டு பஸ்ஸை விட்டாள். "அப்பா, எனக்காக" என்றாள். எழுதினார். சரி.

எழுதியதோடு விட்டுவிடவில்லை. தினமும் கேட்டார். "ஆள் எப்ப வருதாம்?" "அடுத்த வாரமாம்பா." அடுத்த வாரம் கேட்டார். "கல் வந்து இறங்கணுமாம்." வெடிப்பு நீண்டுகொண்டே போயிற்று. முப்பத்தெட்டு நாள், முப்பத்தெட்டு சரி.

முப்பத்தொன்பதாம் நாள் காலையில் பால் வேனின் பின்சக்கரம் பாலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. வேன் கவிழ்ந்தது. டிரைவரின் வலது கால் நசுங்கிவிட்டது. சேதி கேட்டு மைல்காரர் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் கழன்றது, மீதி தூரத்தை ஓடினார். தார் முழுக்க வெள்ளையாகப் பால் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசல் வரை போனவருக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை. டிரைவரின் மனைவி வெளியே வந்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். "யாரையும் இல்லம்மா" என்று திரும்பிவிட்டார். அன்றைக்கு வீட்டில் மனைவியிடம், "சொன்னது யாரா வேணா இருக்கட்டும், எழுதினது என் கைதானே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மறுநாள் தொப்பிக்காரர் நடுக்கல்லுக்கு வந்தார். சைக்கிளில் வந்தார். அதைக் கூட மைல்காரர் கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

"முழங்கால் தேவலையா சம்பந்தி?"

"வந்த அதிர்ச்சியில வலி எங்க போச்சுன்னே தெரியல சம்பந்தி." இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "விசாரணை வெக்கறாங்க. பயப்படாதீங்க. முழங்கால் வலின்னு நான்தான் எழுதச் சொன்னேன், வெடிப்பு இருக்குன்னு நீங்க சொன்னீங்க, மேல சொல்ல நான்தான் தாமதம் பண்ணிட்டேன்னு சொல்லிடறேன். நீங்களும் அதையே சொல்லுங்க. பாதிப் பாதி. என்ன பண்ணிடுவாங்க? திட்டுவாங்க, கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்புவாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்."

"அதிகாரிகிட்ட நேர்ல சொன்னேன்னீங்களே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா! புரியவில்லை. இருபத்திரண்டு வருஷ டீ கண்ணை மறைத்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம். 'கடமையில் பொய் எழுதினான்' என்று வெளியே தள்ளினால் ஓய்வூதியமும் கிடையாது, இருபத்தாறு வருஷப் பேரும் கிடையாது. பாதிப் பாதி என்றால் பேர் போகாது, வீட்டில் அடுப்பும் அணையாது. அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் மகள் வந்தாள். போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போகிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா பேரை மட்டும் தனியா இழுத்து விட்டுடாதீங்கப்பா. நான் அந்த வீட்டுல இருக்கணும்."

"அப்படிச் செய்வேனா கண்ணு? ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம். நீயும் நடந்ததைச் சொன்னா போதும், நீதானே நோட்டைக் கொண்டாந்தே."

அவள் தலையை ஆட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. போன பிறகு மனைவி, "அவ பேச்சே சரியில்லைங்க. ஏதோ மறைக்கறா" என்றார். "புள்ளைக்குப் பயம். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று மைல்காரர் கடிந்துகொண்டார்.

மில் நகரத்து அலுவலகத்தின் மாடி அறையில் விசாரணை. பெரிய மேஜை, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாலையின் பழைய வரைபடம். பதினான்கு மைலும் மூன்று வளைவும் நடுவில் ஒரு புள்ளியுமாக மைல்காரர் முழங்கைக்குக் கீழேயே கிடந்தது. விசாரணை அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், அதட்டாமல் பேசினார். தொப்பிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மைல்காரர் அந்தத் தலையைப் பார்த்தார். வழுக்கை கிழுக்கை ஒன்றுமில்லை, அடர்த்தியான முடி, படிய வாரியிருந்தது.

முதலில் அவரைத்தான் கேட்டார்கள்.

"முழங்காலா? எனக்கு ஒரு நோவும் இல்லைங்கம்மா. தினமும் நடுக்கல்லுக்குப் போயிட்டுத்தான் இருந்தேன். கையெழுத்துக்காக நோட்டை அவர்கிட்ட குடுப்பேன். வயசுல பெரியவரு, சம்பந்தி வேற. திருப்பி வாங்கும்போது பிரிச்சுப் பாக்கறது மரியாதையா? அவரா எழுதியிருக்காரும்மா. நான் அந்தப் பாலம் சரியில்லைன்னு தனியா ஒரு தாள்ல எழுதி அவர்கிட்டயே குடுத்தேன், அலுவலகத்துல சேத்துடுங்கன்னு. சேக்கலை போலிருக்கு."

குரல் ஒரு இடத்தில் கூடப் பிசிறவில்லை. மைல்காரர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். எத்தனை மழைக்கு ஒரே குடையில் நின்ற முகம்! "சம்பந்தி..." என்றார். தொப்பிக்காரர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க" என்றார் அதிகாரி.

மைல்காரர் சொன்னார். முழங்கால், நோட்டு, வெடிப்பு, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னார். "என் பொண்ணைக் கேளுங்கம்மா. நோட்டைக் கொண்டாந்தது அவ. வெடிப்பு இருக்குன்னு நான் சொன்னது அவகிட்ட. சரின்னு எழுதச் சொல்லி சேதி கொண்டாந்ததும் அவ. அவ பொய் சொல்ல மாட்டா."

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"உங்க பொண்ணு வரலை. உடம்பு சரியில்லைன்னு வாக்குமூலம் எழுதி அனுப்பியிருக்காங்க. அப்பாவுக்கு அப்பப்ப சாப்பாடு கொண்டுபோனேன், நோட்டு எதையும் கொண்டுபோகலைன்னு இருக்கு. பாலத்தைப் பத்தி அப்பா எதுவும் சொன்னதில்லைன்னு இருக்கு. மாமனார் தினமும் வேலைக்குப் போனார்னும் இருக்கு."

தினமும் வேலைக்குப் போனது நிஜம்தான். எங்கே போனார் என்பதுதான் அந்தத் தாளில் இல்லை. அந்தப் பாலத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் கல் கிடங்கில் மூன்று மாதமாகத் தொப்பிக்காரர் மேஸ்திரியாக இருந்தார். மைல்காரர் மருமகனுக்கும் அங்கேயே வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பாலம் வெடித்தது என்று நோட்டில் ஏறியிருந்தால் ஒப்பந்தக்காரர் மாட்டியிருப்பார், இரண்டு வேலையும் போயிருக்கும். இதெல்லாம் துறைமுகத்துப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்தது. பதினான்கு மைல் தள்ளி இருந்தவருக்குத்தான் இது விசாரணை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு பஸ் கண்டக்டர் சொல்லித் தெரிந்தது. ஆனால் முழங்காலில் வலி இல்லை என்று மகளுக்கு முதல் நாளே தெரியும் என்பது அந்த அறையிலேயே, அந்தத் தாளில் இருந்ததைக் கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. தினம் தினம் பஸ்ஸில் வந்து, எதிரே உட்கார்ந்து, அப்பன் குனிந்து குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்றார் அதிகாரி. "அவங்க நேர்ல வராததால இந்தக் கையெழுத்து அவங்களுதுதான்னு யாராவது உறுதி சொல்லணும். மாமனார் சொன்னா நான் எடுத்துக்க முடியாது. நீங்க அப்பா. இது அவங்க கையெழுத்து இல்லைன்னு நீங்க சொன்னீங்கன்னா இந்தத் தாள் செல்லாது. நான் அவங்களை இங்க வரவழைச்சு, சத்தியம் வாங்கிக்கிட்டு, ஒவ்வொரு கேள்வியா கேப்பேன். யார் சொல்றது பொய்னு அப்ப வெளிய வந்துடும். பொய் சொன்னவங்க மேல கேஸ் போடுவேன். ஆமான்னு சொன்னீங்கன்னா, இதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். யோசிச்சுச் சொல்லுங்க."

தாளை மேஜைமேல் தள்ளினார். வரைபடத்தின் துறைமுக முனையிலிருந்து அது நடுப்புள்ளி வரை வந்து நின்றது.

மைல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகளின் பெயர். கடைசி எழுத்தின் முடிவில் இடப்பக்கம் ஒரு சின்ன வால், பெயிண்ட் வழியாமலிருக்கச் சுண்டிய அதே சுண்டல். கையெழுத்துக்குக் கீழே தேதி. அவள் வீட்டுக்கு வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததற்கு முதல் நாள் தேதி. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மாமா பேரை இழுத்து விட்டுடாதீங்க என்று கெஞ்சியபோது, அப்பா பேர் ஏற்கெனவே இந்தத் தாளில் முடிந்துபோயிருந்தது.

சம்பந்தி கழுத்தறுத்தது கூட அப்போது பெரிதாகப் படவில்லை. அவன் யாரோ, ரோட்டில் கிடைத்தவன். இவள் பாரில் உட்கார்ந்து வந்தவள். ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் பேர் திரும்பி வரும், ஓய்வூதியம் வரும். இந்த மேஜைக்கு எதிரே அவள் நிற்க வேண்டி வரும். அவள் எப்படித் திணறுவாள், எந்தக் கேள்வியில் அழுவாள் என்பது வரை அவருக்குத் தெரியும்.

"பேனா குடுங்கம்மா" என்றார்.

"வாயால சொன்னாலே போதும்."

"எழுதியே குடுத்துடறேன்."

மகளின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அதற்கும் ஒரு வால். பக்கத்தில், இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், ஒரு சொல் எழுதினார். சரி.

தொப்பிக்காரர் மூச்சு விட்டது கேட்டது.

அதிகாரி அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, குரல் தணிந்திருந்தது. "வேற ஏதாவது சொல்லணுமா?"

"அந்தப் பாலத்தைச் சீக்கிரம் கட்டிடுங்கம்மா. ஜனங்க போற வழி."

"கட்டிடுவோம். உங்க பொண்ணு வீட்டுக்கும் அதுதானே வழி?"

"எனக்கு இனிமே அந்தப் பக்கம் வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, மைல்காரர் பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.